நிழல் தெற்கே விழும் மாதங்கள்

ரூசோவை நம்மில் பெரும்பாலோர் ‘சமுதாய ஒப்பந்தம்’ எழுதியவராகவே அறிந்திருக்கிறோம். அதே 1762ஆம் ஆண்டில், அந்நூலை அடுத்து அவர் வெளியிட்ட ‘எமில்’ பற்றி ஆசிரியர் பயிற்சிப் பாடத்தில் ஒரு பத்தி படித்தவர்கள் உண்டு. நூலை முழுதும் படித்தவர்கள் குறைவு. எமில் என்ற கற்பனைச் சிறுவனைப் பிறப்பு முதல் திருமணம் வரை வளர்த்துக் காட்டும் நூல் அது. நாவலாகவும் ஆகாமல், ஆய்வாகவும் அடங்காமல், இரண்டுக்கும் நடுவில் நிற்பது. அதன் மூன்றாம் பகுதியில் வரும் ஒரு சிறு நிகழ்ச்சி, நிழலைக் கொண்டு குழந்தைக்குப் பாடம் சொல்லும் வழக்கத்தின் வரலாற்றில் தனியிடம் பெறத் தக்கது என்று நாம் கருதுகிறோம். முதலில் அதைச் சற்று விரிவாகச் சொல்லிவிட்டுப் பிறகு நம் ஊர் வெயிலுக்கு வருவோம்.

எமிலுக்கு அப்போது பன்னிரண்டு வயது கடந்திருக்கிறது. பூகோளப் படமும் கோள உருண்டையும் அவனுக்குக் காட்டப்படுவதில்லை. ஒரு கோடை விடியலில் திறந்த வெளி ஒன்றுக்கு அழைத்துச் சென்று சூரியோதயத்தைக் காட்டுகிறார் ஆசிரியர். நேற்று அங்கே மறைந்த சூரியன் இன்று இங்கே எழுகிறதே, அது எப்படி என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார். மாதங்கள் கழித்து, கிறிஸ்துமஸ் குளிரில், அதே இடத்துக்கு மறுபடி அழைத்துச் செல்கிறார். சூரியன் எழும் இடம் மாறியிருப்பதைப் பையனே கண்டு திகைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அரையாண்டுக் காலம் விடைக்குக் காத்திருக்கும் ஆசிரியர்! இன்றைய பள்ளிக்கூடங்களில் இவருக்கு வேலை கிடைப்பது அரிது.

அடுத்து வருவதுதான் காட்டு நிகழ்ச்சி. மான்மொரென்சி என்ற சிற்றூருக்கு வடக்கே காடு இருப்பதை இருவரும் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கையில், இதனால் என்ன பயன் என்று எமில் கேட்டுவிடுகிறான். ஆசிரியர் விளக்கம் சொல்லவில்லை. யோசித்துப் பார்ப்போம் என்று சொல்லி அன்றைய பாடத்தை நிறுத்திவிடுகிறார். மறுநாள் காலை, உணவுக்கு முன் சிறிது உலாவி வரலாம் என்று காட்டுக்குள் அழைத்துச் செல்கிறார். வழி தவறுகிறது. வெயில் ஏறுகிறது, பசியும் தாகமும் களைப்புமாகப் பையன் அழவே தொடங்கிவிடுகிறான். அப்போது ஆசிரியர் மணி என்ன என்று கேட்கிறார். நண்பகல். நேற்று இதே நேரத்தில் காடு ஊருக்கு எந்தத் திசையில் என்று பார்த்தோம்? வடக்கே. அப்படியானால் ஊர் காட்டுக்கு எந்தத் திசையில்? தெற்கே. நண்பகலில் வடக்கை அறிய நமக்கு ஒரு வழி உண்டல்லவா? உண்டு, நிழல் விழும் திசைதான் வடக்கு. நிழலுக்கு எதிர்த்திசையில் நடக்கிறார்கள். மரங்களினூடே ஊர் தெரிகிறது. வானவியலால் ஒரு பயன் உண்டென்று கண்டுகொண்ட களிப்பில் பையன் சாப்பாட்டுக்கு ஓடுகிறான்.

இந்த மான்மொரென்சியில்தான் ரூசோ அப்போது வாழ்ந்துகொண்டிருந்தார். நூல் வெளிவந்த மறுமாதம், ஜூன் 9ஆம் நாள், பாரிஸ் உயர்நீதிமன்றம் நூலைக் கண்டித்து அவரைக் கைது செய்ய ஆணையிட்டது. அன்றே ஊரை விட்டுத் தப்பினார். நூல் பாரிஸில் எரிக்கப்பட்டது. சில நாட்களில் அவர் பிறந்த ஜெனீவாவிலும் எரிக்கப்பட்டது. எரித்தவர்களுக்கு நிழல் பாடம் ஒரு பொருட்டாக இருந்திருக்காது. நான்காம் பகுதியில் வரும் சமயக் கருத்துகளே அவர்களைச் சினங்கொள்ளச் செய்தவை. தாம் பெற்ற ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதியில் சேர்த்த ஒருவர் இந்நூலை எழுதினார் என்பதும் சொல்லாமல் விடக் கூடியதன்று.

நிகழ்ச்சியின் அழகை ஒப்புக்கொண்டாலும், அதில் நமக்கு உறுத்தும் ஒன்று உண்டு. வழி தவறியது பையனுக்கு மட்டும்தான். ஆசிரியருக்கு ஊர் எங்கே இருக்கிறதென்று முதலிலிருந்தே தெரியும். அவன் அழும்போது தாமும் தவிப்பவர்போல நடிக்கிறார். விடையைத் தம் பைக்குள் வைத்துக்கொண்டு மாணவனைத் தேடவிடும் இந்த முறை பின்னாளில் ‘கண்டறிந்து கற்றல்’ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. விடை ஆசிரியரிடம் இருக்கிறதென்று மோப்பம் பிடிப்பதில் குழந்தைகள் கெட்டிக்காரர்கள். அதன் பிறகு அவர்கள் பார்ப்பது நிழலை அன்று, ஆசிரியரின் முகத்தை.

இனி நம் ஊர் வெயில். எமிலையும் அவன் ஆசிரியரையும் ஒரு ஜூன் மாத நண்பகலில் சென்னையை அடுத்த வண்டலூர்க் காட்டில் விட்டுவிடுவோம். ஊர் தெற்கே என்று அவர்களுக்குத் தெரியும். நிழல் விழும் திசை வடக்கு என்று கொண்டு அதற்கு எதிரே நடந்தால், அவர்கள் வடக்கு நோக்கியே போய்க்கொண்டிருப்பார்கள், ஊர் வாராது. ஏனென்றால் அந்நாட்களில் சென்னையில் நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது.

இதைச் சொன்னால் படித்தவர்களே நம்ப மறுப்பதை நாம் கண்டிருக்கிறோம். காரணம் எளியது. மான்மொரென்சி ஏறத்தாழ 49 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் அவ்வூருக்கு ஒருநாளும் தலைக்கு மேல் வருவதில்லை. ஆண்டு முழுதும் நண்பகலில் தெற்கு வானத்திலேயே நிற்கிறது. நிழல் எப்போதும் வடக்கே. கடக ரேகைக்குத் தெற்கே உள்ள நம் நிலத்திலோ சூரியன் ஆண்டுக்கு இருமுறை உச்சியைக் கடக்கிறது. சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 18ஐ ஒட்டி மறுமுறை. மதுரையில் ஏப்ரல் 15, 16 அளவிலும் ஆகஸ்ட் 27 அளவிலும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, செப்டம்பர் 1. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. சென்னைக்கு ஏறத்தாழ நான்கு மாதம். குமரிக்கு ஏறத்தாழ ஐந்து மாதம்.

நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும், நிழல் காலடியில் ஒடுங்கிவிடும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நம்மிடையே வழக்கம். தமிழ்நாட்டில் இது ஆண்டில் இரண்டே நாட்களுக்குப் பொருந்தும். தில்லியில் எந்த நாளுக்கும் பொருந்தாது. கடிகாரத்தில் பன்னிரண்டு அடிப்பதே நண்பகல் என்பதும் அப்படியே. நம் கடிகாரங்கள் 82.5 பாகைத் தீர்க்க ரேகைக்கு உரிய நேரத்தைக் காட்டுபவை. அந்த ரேகைக்கு மேற்கே உள்ள மதுரையில் ஏப்ரல் நடுவில் உண்மையான உச்சிப்பொழுது ஏறத்தாழ 12 மணி 17 நிமிடத்துக்குத்தான் வருகிறது.

ஒரு நாளுக்குள் நிழல் மாறும் விதமும் இப்படி மேலோட்டமாகவே சொல்லப்படுகிறது: காலையில் நீளம், நண்பகலில் குட்டை, மாலையில் மறுபடி நீளம். பொய் என்று சொல்ல முடியாது; ஆனால் சுவையான பகுதி முழுதும் உதிர்ந்துவிட்டது. ஏப்ரல் 24 அன்று சென்னையில் ஒரு மீட்டர் உயரக் கம்பு ஒன்றைச் செங்குத்தாக நட்டு வைத்தோமானால், உச்சிக்கு ஐந்து மணி நேரம் முன்பு அதன் நிழல் ஏறத்தாழ 323 சென்டிமீட்டர். ஒரு மணி கழித்து 162. அதற்கடுத்த மணிகளில் 96, 56, 26, பிறகு சுழி. முதல் ஒரு மணியில் ஒன்றரை மீட்டருக்கு மேல் விழுங்கிய வெயில், கடைசி ஒரு மணியில் ஒரு சாணுக்குச் சற்றே அதிகமாகத்தான் விழுங்குகிறது. சூரியன் சீராகவே நகர்கிறது, நிழல் அப்படிக் குறைவதில்லை. அடுத்த மணிக்கு நிழல் எவ்வளவு இருக்குமென்று கேட்டால், ஒரே அளவில் குறைந்துகொண்டே வரும் என்றுதான் எந்தக் குழந்தையும் முதலில் சொல்லும். சொல்லிவிட்டு அளந்து பார்க்கும்போதுதான் பாடம் தொடங்குகிறது.

நிழலின் நுனி தரையில் போகும் பாதை இன்னும் வியப்பானது. மணிக்கொரு முறை நுனியில் ஒரு கல்லை வைத்துக்கொண்டே வந்தால், மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய சம நாட்களை ஒட்டி அக்கற்கள் மேற்கிலிருந்து கிழக்கே ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. டிசம்பரில் அந்தக் கோடு முழுவதும் கம்புக்கு வடக்கே வளைந்து கிடக்கும். ஜூனில், நம் சென்னையில், முழுவதும் தெற்கே. காலை முதல் மாலை வரை நிழல் ஒரு கணமும் வடக்குப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ரூசோவின் ஊரில் கோடைக் காலையில் தென்மேற்கே தொடங்கும் நிழலும் நண்பகலுக்குள் வடக்கே வந்து சேர்ந்துவிடும்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்களா என்று இலக்கிய வாசகர்கள் கேட்கக்கூடும். அறிந்திருந்தார்கள். ‘நெடுநல்வாடை’யில் பாண்டியனின் அரண்மனைக்கு மனை வகுக்கும் இடத்தை நினைவுகூரலாம். இரண்டு கோல்களை நட்டு, சூரியன் ஒரு பக்கமும் சாராத நடுப்பகலில், நூலறிந்தோர் கயிறிட்டுத் திசை குறிக்கிறார்கள் என்கிறார் நக்கீரர். ஒரு பக்கமும் சாராத என்ற குறிப்பே, சாயும் நாட்களை, அதுவும் இரு பக்கமும் சாயும் நாட்களை, அறிந்த ஒருவர் சொல்லக்கூடியது. ஆண்டு முழுதும் நிழல் வடக்கே விழும் நாட்டில் இப்படி ஒரு குறிப்புக்கு வேலையே இல்லை.

உரை எழுதிய நச்சினார்க்கினியர் இந்த நாளைச் சித்திரைத் திங்களின் நடுப் பத்து நாட்களுள் வைத்து, நேரத்தைப் பதினைந்தாம் நாழிகை என்கிறார். இன்று மதுரையில் நிழல் மறையும் நாள் சித்திரையின் இரண்டாம், மூன்றாம் தேதியில் அல்லவா வருகிறது, உரையாசிரியர் தவறினாரா? தவறவில்லை என்பது நம் கணக்கு. நம் பஞ்சாங்க ஆண்டு பருவ ஆண்டைவிடச் சற்றே நீளமானது; ஏறத்தாழ அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் சித்திரைப் பிறப்பு பின்னால் தள்ளிக்கொண்டே போகிறது. உரையாசிரியரின் காலமாகக் கருதப்படும் பதினான்காம் நூற்றாண்டுக்குத் திரும்பிச் சென்றால், அதே வானியல் நாள் சித்திரை பன்னிரண்டு, பதின்மூன்று அளவில் விழும், அதாவது நடுப்பத்துக்குள். ஏட்டில் கண்டதை மட்டும் அவர் எழுதியிருக்க வேண்டியதில்லை, முற்றத்து வெயிலையும் பார்த்திருக்கலாம் என்று எண்ண இது இடம் தருகிறது.

மனை வகுப்போர்க்கு இரு கோல் என்றால், வயலில் நின்றவர்க்கு ஒரு துரும்பு. நேரம் அறியச் சிற்றூர்களில் பாட்டாகவே சொல்லப்பட்டு வந்த கணக்கு ஒன்று உண்டு. ஒரு துரும்பை எடுத்துப் பதினாறு சம பாகமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அதை ஓரிடத்தில் மடித்து, ஒரு பகுதி தரையில் கிடக்க, மறு பகுதி நிமிர்ந்து நிற்கும்படி வெயிலில் வைக்க வேண்டும். நிற்கும் பகுதியின் நிழல் கிடக்கும் பகுதியின் முனையைச் சரியாகத் தொடும்வரை மடிப்பை நகர்த்த வேண்டும். தொட்டதும், நிற்பது எத்தனை பாகமோ விடிந்து அத்தனை நாழிகை. பிற்பகலாயின், பொழுது மறைய அத்தனை நாழிகை.

இந்தத் துரும்பை நாம் கணக்கிட்டுப் பார்த்தோம். தென் தமிழகத்தில் நிழல் மறையும் சித்திரை நாளில், துரும்பு 12 காட்டும்போது உண்மையில் கழிந்திருப்பது ஏறத்தாழ 12.2 நாழிகை, பிழை நான்கைந்து நிமிடம். 8 காட்டும்போது 7.7 நாழிகை; பிழை எட்டு நிமிடம். காலையில் மட்டும் சற்றுப் பிசகுகிறது: 4 காட்டும்போது மூன்று நாழிகைக்குச் சற்றே மேல்தான் ஆகியிருக்கும், இருபது நிமிடம் முந்திச் சொல்கிறது. ஒரு துரும்புக்கு இது பெரிய கெட்டிக்காரத்தனம். ஆனால் மார்கழி நண்பகலில் அதே துரும்பு பத்துப் பாகத்தைக்கூட எட்டாது. விடிந்து பதினான்கு நாழிகை கடந்திருக்கும். பாட்டை மனப்பாடம் செய்த சிறுவனுக்கு இந்த எல்லை சொல்லப்பட்டதா? பாட்டில் அது இல்லை. விதி இருக்கிறது, ஏன் அப்படி என்பதும், எப்போது அது பொய்க்கும் என்பதும் இல்லை. நம் திண்ணைப் பள்ளிகளின் வலுவும் குறையும் இந்தத் துரும்பில் அடங்கியிருக்கின்றன என்று சொன்னால் மிகையாகாது.

இவ்வளவும் சொல்லிக் கொடுப்பவரின் பக்கம். கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தை நிழலை என்னவென்று நினைக்கிறது? இதை முதலில் முறையாகக் கேட்டவர்களுள் ஒருவர் ஜான் பியாஜே. ரூசோவின் நூலை எரித்த ஜெனீவாவிலேயே 1912ஆம் ஆண்டு ரூசோவின் பெயரால் ஒரு கல்வி ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1921இல் அங்கே பணியில் சேர்ந்தவர் பியாஜே. பௌதிக நிகழ்வுகளுக்குக் குழந்தைகள் சொல்லும் காரணங்களைப் பற்றி 1927இல் அவர் வெளியிட்ட நூலில் நிழலுக்கென்றே ஓர் இயல் இருக்கிறது.

அவர் கண்டவை இவை. ஐந்து வயதளவில், மேசைமேல் விழும் கை நிழல் கையிலிருந்து வருவதோடு வெளியே மரத்தடியிலிருந்தோ, அறையின் இருட்டு மூலையிலிருந்தோ, இரவிலிருந்தோகூட வருவதாகக் குழந்தைகள் சொல்கிறார்கள். ஆறேழு வயதில் வெளியிலிருந்து வருவது நின்றுபோய், பொருளே தன்னுள்ளிருந்து நிழலை வெளிவிடுவதாகிறது. எந்தப் பக்கம் விழுமென்று அவர்களால் சொல்ல முடிவதில்லை. எட்டு வயதளவில் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் விழும் என்று சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் காரணம் கேட்டால், நிழல் வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குகிறது என்கிறார்கள். நிழல் இன்னும் ஒரு பொருளாகவே இருக்கிறது. ஒளி மறிக்கப்பட்ட இடமே நிழல் என்ற விளக்கம் ஒன்பது வயதை ஒட்டித்தான் வருகிறது.

குழந்தைகளைக் கண்டு சிரிக்குமுன் நம் மொழியைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். மரம் நிழல் தருகிறது என்கிறோம். நிழல் விழுகிறது, படிகிறது, நீள்கிறது, நம்மைத் தொடர்கிறது. இருட்டில் ஒளி இல்லை என்று சொல்லும் நாம், மரத்தடியில் நிழல் இருக்கிறது என்று ஒரு பொருளைப்போல் சொல்கிறோம். வெயில் காயும் நாட்டில் நிழல் ஒரு பொருள்தான், அதுவும் விலைமதிப்புள்ள பொருள். அரசனின் குடைக்கும் அருளுக்கும் அதுவே பெயர். (சாயங்காலம் என்ற சொல் வடமொழி வழி வந்தது. ஆயினும் பேச்சில் அதைச் சாயுங்காலம் ஆக்கி, பொழுதும் நிழலும் சாயும் வேளை என்று பொருள் கொண்டவர்களின் காதைப் பாராட்ட வேண்டும்.) ஜெனீவாக் குழந்தைகள் எட்டு வயதில் நின்ற இடத்தில் நம் மொழி இன்றும் நின்றுகொண்டிருக்கிறது, அதனால் நமக்கு இழப்பும் இல்லை.

பியாஜேயின் கண்டுபிடிப்பில் வகுப்பறைக்கு உதவுவது எட்டு வயதுக் குழந்தையின் நிலைதான். அது சரியான விடையைச் சொல்கிறது. தேர்வில் முழு மதிப்பெண் பெறும். உள்ளே இருக்கும் எண்ணமோ வேறு. அதை வெளிக்கொணரக் குழந்தையைப் பேசவிட வேண்டும். நட்ட நடு வெயிலில், கம்புக்குப் பக்கத்தில், தன் விடை பொய்க்கும் வாய்ப்புள்ள இடத்தில் நிறுத்திப் பேசவிட வேண்டும்.

அப்படிப் பேசவிட்ட பள்ளிகள் நம் நாட்டிலேயே இருந்தன. 1972ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் (இன்றைய நர்மதாபுரம்) பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி என்ற அமைப்பும் ரசூலியாவில் இயங்கிய நண்பர்கள் கிராம மையமும் சேர்ந்து, மாநில அரசின் அனுமதியோடு தொடங்கியவை. பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் பணியாற்றிய அறிவியலாளர்கள் தம் விடுமுறை நாட்களில் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து சோதனைகளை வகுத்தார்கள். 1978இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. பிறகு இதை முன்னெடுத்துச் செல்ல 1982இல் ஏகலவ்யா நிறுவனம் உருவாயிற்று.

அவர்களுடைய பாடநூலின் பெயர் ‘பால் வைஞானிக்’. சிறுவர் விஞ்ஞானி என்று பொருள். அந்நூலில் செய்முறையும் கேள்வியும் இருக்கும், விடை இராது. நான்கு குழந்தைகள் ஒரு குழுவாகச் சேர்ந்து செய்து, அளந்து, தங்கள் ஏட்டில் தாங்களே எழுத வேண்டும். தேர்வுக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்கு எந்தக் கேள்வியையும் கடிதமாக எழுதி அனுப்பலாம், பதில் வரும். வானத்தைப் பார்க்கும் பாடத்தில் வெற்றிடம் ஒன்றில் கம்பு நட்டு நிழலைக் குறிப்பதும் உண்டு.

இந்தச் சோதனைக்குச் செலவில்லை, கருவி தேவையில்லை, ஆபத்தில்லை. அப்படியிருந்தும் நம் பள்ளிகளில் அது நடவாமல் போவது ஏன்? நம் எண்ணத்தில் முதற் காரணம் பள்ளி மணிதான். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். அந்நேரத்தில் சூரியன் பத்துப் பாகை நகர்கிறது. அறிவியல் ஆசிரியர் குழந்தைகளை வெளியே அழைத்து வந்து, தரையைச் சமன்செய்து, தூக்குநூல் பிடித்துக் கம்பை நட்டு, முதற்கல்லை வைப்பதற்குள் அடுத்த பாடவேளைக்கு மணி அடித்துவிடும். காலை முதல் மாலை வரை ஒரு நாளும், ஜூன் முதல் டிசம்பர் வரை ஒரு பருவமும் கேட்கிறது நிழல். கணக்கு ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் தத்தம் வேளையில் குழந்தைகளை ஐந்து நிமிடம் வெளியே விட்டால்தான் கற்கள் வரிசையாக விழும். ஆக இது ஓர் ஆசிரியரின் திறமையைப் பொறுத்ததன்று, ஒரு பள்ளி தன் நாளை எப்படி வகுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. ஹோசங்காபாத்தில் ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடித் தங்கள் இடர்ப்பாடுகளைப் பேசினார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். தனக்கும் விடை தெரியாது என்று ஓர் ஆசிரியர் மாணவர் முன் சொல்ல வேண்டுமானால், அவருக்குப் பின்னால் அப்படி ஒரு கூட்டம் இருந்தாக வேண்டும். காட்டில் பாசாங்கு செய்த ரூசோவின் ஆசிரியருக்கும் இவர்களுக்கும் உள்ள தொலைவு அதுதான்.

ஹோசங்காபாத் கடக ரேகைக்குச் சற்றே தெற்கே, 22.75 பாகையில் இருக்கிறது. அங்கே நிழல் மறையும் நாட்கள் ஜூன் முதல் வார இறுதியிலும் ஜூலை முதல் வாரத்திலும் வருகின்றன. முன்னது கோடை விடுமுறை, பின்னது பருவமழை மேகம். ஆகவே அவ்வூர்க் குழந்தைகள் தங்கள் கம்பில் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் வடக்கே விழுந்த நிழலாகவே இருந்திருக்கும். அங்கே எழுதிய பாடத்தை மதுரைக்கு மொழிபெயர்த்தால் போதாது. இங்கே கம்பை நட்டு முதலிலிருந்து எழுத வேண்டும். விடை அச்சிடாத நூல் என்பதன் பொருள் அப்போதுதான் விளங்குகிறது.

முப்பது ஆண்டுகள் நடந்து, ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளை எட்டியிருந்த நிலையில், 2002ஆம் ஆண்டு மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்தியது. மாநிலமெங்கும் ஒரே பாடநூல் இருக்க வேண்டும், சில மாவட்டங்களுக்கு மட்டும் வேறு நூல் ஏன் என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. நிர்வாகத்தின் பார்வையில் அது நியாயமாகவும் தோன்றலாம். ஆனால் அட்சம் மாறினால் விடை மாறும் ஒரு பாடத்துக்கு, ஒரே நூல் என்ற ஏற்பாடு எவ்வளவு தூரம் பொருந்தும்? அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எழுப்பிய எதிர்ப்பு செவிசாய்க்கப்படவில்லை. ‘பால் வைஞானிக்’ நூல்களை ஏகலவ்யா அதன் பின்னும் அச்சில் வைத்திருந்தது என்பது ஒரு சிறு ஆறுதல்.

தமிழ்நாட்டில் கம்பு வேறு வழியாக முற்றத்துக்கு வந்தது. ‘நிழலில்லா நாள்’ என்ற பெயரில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் பிற வானியல் ஆர்வலர்களும் அண்மைக் காலங்களில் பள்ளிகளில் நிகழ்ச்சிகள் நடத்தி வருகிறார்கள். குழந்தைகள் தண்ணீர்ப் புட்டிகளையும் குழாய்த் துண்டுகளையும் வெயிலில் நிறுத்தி, நிழல் அடியில் புகுந்து மறைவதைப் பார்த்து ஆரவாரம் செய்யும் படங்களை நாளிதழ்களில் காண்கிறோம். மகிழ்ச்சிக்குரியதுதான். ஒரு நாள் திருவிழாவாக முடிந்துவிடுகிறதே என்பது மட்டுமே நம் குறை. நிழல் இல்லாத கணத்தைவிட, அதற்கு முந்தின வாரம் வடக்கே கிடந்த நிழல் அடுத்த வாரம் தெற்கே கிடப்பதுதான் கேள்வியை எழுப்பக் கூடியது. அதைப் பார்க்க மறுவாரமும் யாராவது வெளியே வர வேண்டும்.

இரு ஊர்ப் பள்ளிகள் சேர்ந்துகொண்டால் இன்னும் ஒரு படி போகலாம். சென்னையும் கன்னியாகுமரியும் வடக்கு தெற்காகச் சரியாக ஐந்து பாகை விலகியவை. ஏப்ரல் 10 உச்சிப்பொழுதில் குமரியில் கம்புக்கு நிழல் இராது. அதே நாள் சென்னையில் ஒரு மீட்டர் கம்பின் நிழல் ஏறத்தாழ 8.7 சென்டிமீட்டர், வடக்கே. அந்த நிழல் சொல்லும் கோணம் ஐந்து பாகை, வட்டத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. நிலப்படத்தில் இரண்டு ஊர்களின் அட்சங்களுக்கு இடைப்பட்ட தூரம் 553 கிலோமீட்டர் (பேருந்து போகும் வழித் தூரம் உதவாது). 72ஆல் பெருக்கினால் 39,816. துருவங்களின் வழியே பூமியின் சுற்றளவு 40,008 கிலோமீட்டர். கிறிஸ்துவுக்கு மூன்று நூற்றாண்டு முன்பு பிறந்த எரட்டாஸ்தனிஸ், எகிப்தின் இரு நகரங்களைக் கொண்டு செய்த கணக்கும் இதுவே. அவர் பெற்றது ஐம்பதில் ஒரு பங்கு.

ஏப்ரலில் நம் பள்ளிகள் தேர்வில் மூழ்கியிருக்கும். ஆகஸ்ட் நாள் வகுப்பு நடக்கும் காலத்தில் வருகிறது, மேகம் இடங்கொடுக்க வேண்டும். சென்னைப் பள்ளி ஒன்று ஜூனில் திறந்ததும் கம்பை நட்டுவிட்டால், ஜூன் 21 நண்பகலில் நிழல் தெற்கே 18 சென்டிமீட்டர் இருக்கும். ஜூலை முடியும்போது 9. ஆகஸ்ட் 18இல் ஒன்றுமில்லை. செப்டம்பர் 23இல் வடக்கே 23. அரையாண்டுத் தேர்வு முடிகிற டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அதே கம்பின் நிழல் வடக்கே 74 சென்டிமீட்டர் நீண்டு கிடக்கும்.